எண்ணாக மாறும் இடம்

1984-இல் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. உட்கார்ந்து கேட்டவர் ஐவர் டீஃபென்பிரன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ‘லின்’ நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்த நிறுவனத்தின் எல்பி12 ரெக்கார்டு பிளேயருக்கு ஹை-ஃபை உலகில் அன்றைக்குக் கிட்டத்தட்ட மூலவர் அந்தஸ்து. டிஜிட்டல் என்றாலே அவருக்கு ஆகாது. இரண்டு வருஷம் முன்னால்தான், 1982 அக்டோபரில், ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்திருந்தது. பாட்டை எண்களாக நறுக்கினால் அதன் உயிர் போய்விடும் என்று சொன்ன கூட்டத்தில் சத்தமான குரல் அவருடையது.

சோதனையை நடத்தியவர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ், வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர். எல்பி12-இல் இசைத்தட்டு சுழல்கிறது. அதிலிருந்து வரும் ஒலி போகும் வழியில் சோனியின் பிசிஎம்-எஃப்1 என்ற பெட்டி. அது ஒலியை எண்ணாக மாற்றி, அதே கையோடு மறுபடியும் மின்னலையாக ஆக்கிக் கொடுத்துவிடும். சில சமயம் பாட்டு பெட்டி வழியாக வரும், சில சமயம் நேராக வரும். எது எப்போது என்று கேட்பவருக்குச் சொல்ல மாட்டார்கள். காதால் கண்டுபிடிக்க வேண்டும்.

டீஃபென்பிரனால் முடியவில்லை. பாஸ்டன் ஆடியோ சொசைட்டியின் இதழில் லிப்ஷிட்ஸ் அதே ஆண்டு எழுதிய அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது.

‘மாட்டிக்கிட்டாருய்யா’ என்று சிரிப்பது சுலபம். முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 2016-இல், அதே லின் நிறுவனம் அதே எல்பி12-இன் வயிற்றுக்குள், ஒலியை எண்ணாக மாற்றும் பலகை ஒன்றை வைத்து விற்றது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? அது புரிந்தால், ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவிட்டு அதன் முதுகில் இருக்கும் துளைகளைப் பார்த்து ‘எந்த வயரைச் செருகுறது?’ என்று முழிக்கிறவர்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

தலைமடை

லின் 1973-இல் நிறுவனமாகப் பதிவானது. ஸ்பீக்கர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, காசை அங்கே போடு என்பது அப்போதைய பரவலான நம்பிக்கை. ரெக்கார்டு பிளேயரா? தட்டு சரியான வேகத்தில் சுத்தினால் போதும், வேறென்ன?

டீஃபென்பிரன் இதைத் தலைகீழாகத் திருப்பினார். முள் தட்டின் பள்ளத்திலிருந்து எடுக்கத் தவறியதை எந்த ஆம்ப்ளிஃபயரும் எந்த ஸ்பீக்கரும் திருப்பித் தர முடியாது என்றார். நம் ஊர்ப் பாசனக் கணக்குதான் இது. தலைமடையில் விடாத தண்ணீர் கடைமடைக்கு எங்கிருந்து வரும்? ஆகவே முதலில் மூலத்தைக் கவனி. வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு குறைவாக இழக்கிறோம் என்று பார்.

இந்த ஒற்றை விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை டிஜிட்டலுக்கு எதிராக நிறுத்தியது இதுதான். அவர் கம்பெனியை டிஜிட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போனதும் இதுதான்.

ஆம்ப் எங்கே உட்காரும்?

வழக்கமான ஸ்பீக்கர் பெட்டிக்குள் குறைந்தது இரண்டு கூம்புகளாவது இருக்கும். தாழ்ந்த சுருதிக்கு வூஃபர், உயர்ந்த சுருதிக்கு ட்வீட்டர். வெளியே இருக்கும் ஆம்ப் முழு ஒலியையும் பெருக்கி அனுப்பும். பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் கொண்ட சின்னப் பலகை. பெருக்கின பிறகு பிரிப்பதால் சக்தியில் ஒரு பங்கு சூடாக வீணாகும். ஆம்புக்கும் கூம்புக்கும் நடுவே காயில் உட்கார்ந்திருப்பதால் கூம்பின் மேல் ஆம்புக்கு இருக்கும் பிடியும் தளரும்.

ஆக்டிவ் ஸ்பீக்கர் இந்த வரிசையை மாற்றிப்போடுகிறது. ஒலி சின்ன மின்னலையாக இருக்கும்போதே பிரித்துவிடு. பிறகு ஒவ்வொரு கூம்புக்கும் தனி ஆம்ப் கொடு. 1970களில் இந்த யோசனை பல ஊர்களில் வேர்விட்டது. லின்னின் ஐசோபேரிக் ஸ்பீக்கரை இப்படி ஆறு சேனல் ஆம்புகளோடு ஓட்டியவர்கள் உண்டு. நெதர்லாந்தின் பிலிப்ஸ், வூஃபர் கூம்பிலேயே அசைவை அளக்கும் உணரி ஒன்றை ஒட்டி, கூம்பு செய்யும் தவறை ஆம்புக்குத் திருப்பிச் சொல்லும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களை விற்றது. 1977-இல் இங்கிலாந்தில் பாப் ஸ்டூவர்ட்டும் ஆலன் பூத்ராய்டும் மெரிடியனைத் தொடங்கி ஆக்டிவ் ஸ்பீக்கரில் இறங்கினார்கள். 1978-இல் பின்லாந்தின் ஈசல்மி என்ற சிறு நகரில் ஜெனெலெக் பிறந்தது. பின்னிஷ் வானொலிக்குத் தேவைப்பட்ட ஆக்டிவ் மானிட்டர்தான் அதற்கு விதை.

இவை எல்லாமே அனலாக். மின்னலை உள்ளே வரும், மின்னலையாகவே பிரியும், பெருகும், கூம்பை அசைக்கும். எந்த இடத்திலும் எண் கிடையாது. ஸ்பீக்கரின் முதுகில் ஒரே வகைத் துளைதான். எந்த வயர் என்ற கேள்வியே எழவில்லை.

எண்கள் வருகின்றன

சிடி வந்தது. ஒரு வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைக்கும் தட்டு. அளவுகளுக்கு நடுவே இருப்பது தொலைந்துபோகும், படிக்கட்டு மாதிரி ஒலி வரும் என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். கிளாட் ஷானன் 1949-லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார்: அளக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழே இருக்கும் அதிர்வெண்கள் மட்டும் உள்ளே வந்தால், அந்த அளவுகளிலிருந்தே மூல அலையை முழுசாக மீட்டெடுக்கலாம். எண்ணை முழுமையாக்கும்போது வரும் உரசலுக்கும் மருந்து இருந்தது. மிக மெல்லிய இரைச்சலைத் தெரிந்தே சேர்த்தால், கடைசிப் பிட்டுக்கும் கீழே இருக்கும் ஒலிகூடத் தப்பிப் பிழைக்கும். 1984-இல் இதை விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதிய இருவர் வாட்டர்லூவின் ஜான் வாண்டர்கூயும் லிப்ஷிட்ஸும். ஆமாம், அதே லிப்ஷிட்ஸ்தான்.

எண்ணை எண்ணாகவே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அனுப்பவும் வழி வந்தது. 1983-இல் தோஷிபா கண்ணாடி இழை போன்ற ஒளிக்கேபிளைக் கொண்டுவந்தது. இன்று டிவியின் பின்னால் சிவப்பாக மினுக்குகிற ‘ஆப்டிகல்’ துளை அதன் வாரிசு. 1985-இல் ஸ்டூடியோக்களுக்கான ஏஇஎஸ்3 தரம் வெளியானது. வீட்டுக்கு சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து செய்த எஸ்பிடிஃப்.

அப்புறம் மெரிடியன் அடுத்த அடியை வைத்தது. 1980களின் கடைசியை ஒட்டி வந்த டி600 ஸ்பீக்கரின் முதுகில் டிஜிட்டல் கேபிளையே செருகலாம். அடுத்து வந்த டிஎஸ்பி6000-இல் வூஃபருக்கு இது, ட்வீட்டருக்கு இது என்று பிரிக்கும் வேலையும் எண்களிலேயே நடந்தது. கெப்பாசிட்டர் செய்த வேலையை இப்போது பெருக்கலும் கூட்டலும் செய்தன.

இங்கேதான் கேள்வி பிறந்தது. ஸ்பீக்கரின் மூளை எண்ணில் யோசிக்கிறது. இப்போது அதற்குப் பழைய அனலாக் வயரில் பாட்டு கொடுத்தால் என்ன ஆகும்?

ஒரு சுற்று, மூன்று மாற்றம்

உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ பாட்டு ஏற்கெனவே எண்தான். அதை வெளியே இருக்கும் டாக் என்ற பெட்டியில் அனலாக் ஆக்குகிறீர்கள். சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஆர்சிஏ வயரில் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறீர்கள். ஸ்பீக்கர் அதை மறுபடியும் எண்ணாக மாற்றும், கிராஸ்ஓவர் கணக்கைப் போடும், கடைசியில் திரும்ப அனலாக் ஆக்கி ஆம்புக்குக் கொடுக்கும். மூன்று மாற்றம். அதையே டிஜிட்டல் கேபிளில் கொடுத்திருந்தால் ஒரே மாற்றம்.

2016-இல் வந்த கெஃப் எல்எஸ்50 வயர்லெஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆசையாக வாங்கிய டாக்கை அதோடு அனலாக்கில் இணைத்தால், அதன் ‘தனிக்குரல்’ கூம்பை அடையும் முன்னால் இன்னொரு டாக் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

வால்யூம் விஷயமும் உண்டு. முன்னாடி இருக்கும் பெட்டியிலேயே சத்தத்தைக் குறைத்து அனலாக்கில் அனுப்பினால், ஸ்பீக்கரின் எண்ணாக்கும் பகுதிக்குச் சின்ன அலைதான் கிடைக்கும். ஏறக்குறைய 6 டெசிபெலுக்கு ஒரு பிட் என்று கணக்கு. 30 டெசிபெல் குறைத்தால் 5 பிட் போச்சு. 16 பிட்டில் அது பெரிய நஷ்டம். இன்றைய 24 பிட் சில்லுகளில் தாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் முன்பெட்டியின் வால்யூமை மேலே வைத்துவிட்டு ஸ்பீக்கரில் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியானால் டிஜிட்டல் கேபிள் குறையே இல்லாததா? அதுவும் இல்லை. எஸ்பிடிஃப்பில் எண்ணும் அதன் தாளமும் ஒரே கம்பியில் ஒன்றாகப் பின்னி வருகின்றன. வாங்குகிற பெட்டி அந்த அலையிலிருந்தே தாளத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் தாளம் நூலிழை தள்ளாடினால், அனலாக்காக மாறும் நொடியில் பிழை புகும். இதன் பெயர் ஜிட்டர். 1992-இல் கிறிஸ் டன்னும் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மால்கம் ஹாக்ஸ்ஃபோர்டும், இந்த இணைப்பு முறையிலேயே கோளாறு இருக்கிறதா என்று தலைப்பிலேயே கேட்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வாசித்தார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பின் வந்த கருவிகள் எண்களைக் கொஞ்சம் தேக்கிவைத்து, தங்களுடைய சொந்தக் கடிகாரத்தின் தாளத்தில் வெளியே விடப் பழகிக்கொண்டன. பிரச்சினை பெரும்பாலும் அடங்கியது.

எதிரியின் விதி

கிளாஸ்கோவுக்குத் திரும்புவோம். லின்னும் பின்னாளில் சிடி பிளேயர் செய்தது. 2007-இல் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுக்கும் கிளைமேக்ஸ் டிஎஸ் வந்தது. 2009-இல் சிடி பிளேயர் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2013-இல் ‘எக்ஸாக்ட்’. பாட்டு ஸ்பீக்கர் வரைக்கும் எண்ணாகவே போகும், கிராஸ்ஓவர் எண்ணில் நடக்கும், கூம்புக்கு முன்னால்தான் அனலாக்.

எக்ஸாக்ட் அமைப்பில் இசைத்தட்டு கேட்க நினைத்தவருக்கு இக்கட்டு. மூளை எண்ணில் யோசிப்பதால் தட்டின் ஒலியும் எங்கேயோ ஓரிடத்தில் எண்ணாக வேண்டும். தப்பிக்க வழியில்லை. எங்கே என்பது மட்டும்தான் கேள்வி.

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னலை பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டைக்கூடத் தொடாது. அவ்வளவு நோஞ்சானை நீளமான வயரில் அனுப்பினால் வழியில் இருக்கும் கரண்டு இரைச்சல் எல்லாம் தொற்றிக்கொள்ளும். முள்ளுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கேயே எண்ணாக்கிவிட்டால்? 2016-இல் வந்த ‘யூரிகா 2’ அதைத்தான் செய்தது. எல்பி12-இன் அடியிலேயே பெருக்கி, எண்ணாக்கி, நெட்வொர்க் கேபிள் மாதிரியான ஒன்றில் வெளியே அனுப்பியது.

தலைமடையில் இழக்காதே. வழியில் எதையும் சிந்தாதே. 1973-இல் சொன்ன அதே விதி.

இதை லின்னின் பல்டி என்று திட்டியவர்கள் உண்டு. அனலாக்காகவே வெளியே வரும் எல்பி12-ம் தொடர்ந்து விற்பனையில் இருக்கிறது, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கென்னவோ அவர்கள் விதியைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. டீஃபென்பிரன் 1984-இல் இழப்பு எங்கே நடக்கிறது என்பதைத் தப்பாகக் கணித்தார். இழப்பைப் பற்றிய அவருடைய கவலை தப்பாக இல்லை.

தெரியாமல் ரசித்தவர்கள்

2022-இல் இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பின்குறிப்பு சேர்ந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் பழைய ஆல்பங்களை மூல டேப்பிலிருந்து மறுபதிப்பு செய்து அதிக விலைக்கு விற்றுவந்தது. முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2022 ஜூலையில், பல வருஷங்களாக நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பதை அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். டிஜிட்டலை இனம்கண்டுவிடுவோம் என்று சொன்ன காதுகள் பலவும் அந்தத் தட்டுகளைத்தான் கொண்டாடியிருந்தன. விஷயம் வழக்கு, இழப்பீடு வரை போனது.

வாங்கியவர்களைக் கிண்டலடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒலியில் வித்தியாசம் தெரியாமல் போனது ஒரு விஷயம். காசு கொடுத்தவரிடம் நடந்ததைச் சொல்லாமல் விட்டது வேறு விஷயம். முதலாவதை வைத்து இரண்டாவதைக் கழுவ முடியாது. 1984-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது என்பதாவது தெரியும்.

சரி, எந்த வயர்? உள்ளே எல்லாமே அனலாக்காக இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் அனலாக் வயர். நல்ல டாக் அங்கே அர்த்தமுள்ள செலவு. உள்ளே டிஎஸ்பி இருந்து, பாட்டு போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ வருகிறது என்றால் டிஜிட்டல் கேபிள். டாக்குக்கு வைத்திருந்த காசை மிச்சம் பிடியுங்கள். டிஎஸ்பி ஸ்பீக்கரில் இசைத்தட்டு கேட்கிறீர்களா? தயங்காமல் அனலாக்கில் செருகுங்கள். அது உள்ளே போய் எண்ணாகும். அதனால் தட்டுக்கு ஒன்றும் தீட்டு இல்லை. வித்தியாசம் கேட்கிறது என்று அப்போதும் தோன்றினால், நண்பர் ஒருவரை வயர் மாற்றச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே சத்த அளவு வைத்து, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். டீஃபென்பிரன் உட்கார்ந்த நாற்காலி அது. உட்காரக் கொஞ்சம் தைரியம் வேணும்.