உப்பும் கழுத்துச் சுரப்பியும்



காவிரி வளநாட்டின் தென்கோடியில் உள்ளது கோடியக்கரை. அதனை அடுத்த வேதாரணியத்து உப்பளங்களைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், அங்கே உப்பெடுத்துச் சட்டத்தை மீறினர். ஏழையும் செல்வரும் நாள்தோறும் உண்ணும் பொருளுக்கு வரியா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

உப்புக்கு மற்றொரு வரலாறும் உண்டு. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, உடலின் வளர்ச்சியை ஆளும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். கடல்நீரில் அயோடின் உண்டு. ஆயினும் அந்நீர் காய்ந்து விளையும் உப்பில் அது மிகச் சொற்பமே.

இமயச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் ஆராய்ச்சி தொடங்கினர். அயோடின் கலந்த உப்பை உண்ட ஊர்களில் கழலை பெரிதும் குறைந்தது. 1962இல் கழலைத் தடுப்புத் தேசியத் திட்டம் பிறந்தது. எல்லாரும் உண்பது என்னும் இயல்பே உப்பு வரியைக் கொடுமையாக்கிற்று. அவ்வியல்பே அயோடினை எல்லார்க்கும் எட்டச் செய்தது.

ஆயினும் அளவு மறவாதீர். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் அமைதல் நலம். அயோடின் உப்பை மூடிய கலத்தில் வையுங்கள். கறியை இறக்கும் வேளையில் சேருங்கள். சுரப்பியில் நோய் கண்டால் மருத்துவரை நாடுங்கள். உணவு காப்பது, மருந்து தீர்ப்பது.