கம்பியின்றிப் பேசும் கருவிகளும் ஆக்கவுரிமைப் பரிசோதகரும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் இறம்புக்கணையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 45 அடி தூரத்துக்கு ஓரடி வீதம் உயரும் அந்த ஏற்றத்தின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 அடி உயரத்தில், கடுகண்ணாவை அமைந்திருக்கிறது. கண்டி வீதியை அமைத்த பொறியியலாளருள் ஒருவரான கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கு நிற்கிறது. 1867இல் இருப்புப்பாதை கண்டியை எட்டியது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் தேசிய புகையிரத நூதனசாலையும் கடுகண்ணாவையிலேயே திறந்துவைக்கப்பட்டது. வீதியும் புகையிரதமும் இவ்வூருக்குப் புகழ் தந்தன என்பதை யாவரும் அறிவர். ஆயின், கருவியும் கருவியும் தம்முள் பேசிக்கொள்ளும் கலையை விளங்கிக்கொள்வதற்கும் இந்த மலைப்பாதை ஏற்றதோர் இடம் என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர்.

மலைநாட்டுப் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் சந்தித்தால் விளைவது பேரழிவு. இங்கிலாந்தில் நோரிச் நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில் 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் தேதி இரவு அவ்வாறே நிகழ்ந்தது. 25 பேர் மாண்டனர். ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்கு அனுப்பப்பட்ட தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பமே அதற்குக் காரணம். மனிதர் தவறக்கூடும், எனவே கருவிகளே ஒன்றையொன்று கட்டுப்படுத்த வேண்டும் என எட்வேர்ட் டயர் என்பவர் கருதினார். அவர் அமைத்த முறையில் அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். அவற்றை மின்கம்பி இணைக்கும். ‘டேப்லட்’ என்னும் வட்டத்தகட்டை ஒரு பெட்டியிலிருந்து எடுக்க வேண்டுமானால் மறு நிலையத்தார் இசைவு தரல் வேண்டும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டியினுள் சேரும் வரையில் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். தகட்டைக் கையிற் பெற்ற சாரதியே வண்டியைச் செலுத்தலாம். 1878இல் இம்முறைக்கு டயர் ஆக்கவுரிமை பெற்றார். இலங்கையின் மலைநாட்டுப் பாதையில் எத்தனையோ உயிர்களைக் காத்தது இந்தத் தகட்டுமுறையே.

‘பேட்டன்ட்’ என ஆங்கிலத்திற் கூறப்பெறும் ஆக்கவுரிமை ஒரு பரிசன்று. அஃது ஓர் உடன்படிக்கை. கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தை எழுத்திலும் படத்திலும் முழுமையாக வெளியிடுகிறார். அதற்கு ஈடாக, குறித்த சில ஆண்டுகளுக்கு அவருடைய அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்யலாகாது என்று அரசு அவருக்குக் காப்பளிக்கிறது. காலம் முடிந்ததும் அந்த அறிவு பொதுச்சொத்தாகிவிடும். இவ்வுடன்படிக்கையில் ஒரு பக்கத்தில் நிற்பவர் கண்டுபிடித்தவர். மறுபக்கத்தில் நிற்பவர் பொதுமக்கள். ஆனால் பொதுமக்கள் அந்த அலுவலகத்துக்கு வந்து தம் வழக்கை எடுத்துரைப்பதில்லை. ஏற்கெனவே ஊரறிந்த ஒன்றை ஒருவர் தமதென்று எழுதி வாங்கிக்கொண்டால் தட்டிக் கேட்பவர் யார்? அந்தக் கடமையே பரிசோதகருடையது. “இது முன்னரே அறியப்பட்டதா?” என்னும் ஒரே கேள்வியைப் பொதுமக்கள் சார்பில் அவர் கேட்கிறார். கம்பியில்லாத் தொடர்பின் வரலாறு, இக்கேள்வி கேட்கப்பட்டபோதும் கேட்கப்படாதபோதும் விளைந்தவற்றின் வரலாறு எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கவுரிமைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரையில் புதுமையைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை. விண்ணப்பம் முறைப்படி எழுதப்பட்டிருந்தாற் போதும், உரிமை வழங்கப்பட்டது. 1901இல் இதனை ஆராய்ந்த பிரை குழு, பரிசீலிக்கப்பட்ட ஆக்கவுரிமைகளுள் நூற்றுக்கு 42 முன்னைய பிரித்தானிய விவரணங்களில் ஏற்கெனவே அடங்கியவை எனக் கண்டது. அதன் பயனாக 1902ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 1905 முதல் தேடுதல் நடைமுறைக்கு வந்தது. அத்தேடுதலும் முந்திய 50 ஆண்டுகளின் பிரித்தானிய ஆக்கவுரிமை விவரணங்களோடு நின்றுவிட்டது. அறிவியற் சஞ்சிகைகளைப் புரட்டிப் பார்க்கும் கடமை பரிசோதகருக்கு விதிக்கப்படவில்லை.

இக்குறையின் பொருளை ஜகதீச சந்திர போசின் வரலாறு தெளிவாக்கும். கல்கத்தாவில் பேராசிரியராயிருந்த அவர், 1895இல் அந்நகரின் மண்டபத்தில் மின்னலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அறிவு விற்பனைக்குரியதன்று என்பது அவர் கொள்கை. ஆதலால் தம் ஆராய்ச்சிகளை அறிவியற் கழகங்களின் ஏடுகளில் வெளியிட்டாரேயன்றி அவற்றுக்கு உரிமை கோர அவர் விரும்பவில்லை. பாதரசத்தையும் இரும்பையும் கொண்ட அலையுணர் கருவியொன்றை 1899இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் விவரித்தார். 1901 டிசெம்பரில் அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்திய கருவி அதனையே ஒத்தது எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஏட்டில் வெளிவந்தது உலகம் அறிந்ததேயெனினும், ஆக்கவுரிமை அலுவலகம் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கவில்லை.

நண்பர்களின், சிறப்பாகத் திருமதி சாரா புல் அம்மையாரின், வற்புறுத்தலுக்கு இணங்கி 1901 செப்டெம்பர் 30ஆந் தேதி போஸ் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக்கொண்டு மின்னலைகளை உணரும் அக்கருவிக்கு 1904 மார்ச் 29ஆந் தேதி 755,840 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. குறைகடத்தியைப் பயன்படுத்தும் கருவிக்குக் கிடைத்த முதல் ஆக்கவுரிமைகளுள் இஃதொன்று. அதனாற் பொருளீட்ட அவர் முயலவில்லை. எனினும் அந்த ஏடு இருக்கிறது. யார் எதனை எப்போது கண்டார் என்பதற்கு அஃது இன்றும் சான்று பகர்கிறது.

மார்க்கோனியின் கதை வேறு. 1896இல் பிரித்தானியாவில் அவர் பெற்ற முதல் உரிமை, புதுமைத் தேடுதல் எதுவுமின்றிக் கிடைத்தது. பின்னர், அனுப்பும் கருவியையும் ஏற்கும் கருவியையும் ஒரே அலைவரிசைக்கு இசைவிக்கும் முறைக்கு 1900 நவம்பர் 10ஆந் தேதி அமெரிக்காவில் விண்ணப்பித்தார். இரு கருவிகள் தம்முள் மட்டும் பேசிக்கொள்வதற்கு இந்த இசைவே உயிர்நாடி. அமெரிக்கப் பரிசோதகர் எளிதில் இணங்கவில்லை. ஒலிவர் லொட்ஜ், நிக்கலா டெஸ்லா முதலியோரின் முன்னைய உரிமைகளை எடுத்துக்காட்டி விண்ணப்பத்தை மறுத்தார். பலமுறை திருத்தப்பட்டு வாதாடப்பட்ட பின்னரே, 1904 ஜூன் 28ஆந் தேதி உரிமை வழங்கப்பட்டது.

அத்துடன் வழக்கு ஓயவில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் தன் உரிமைகளை அமெரிக்க அரசு மீறியதென்று மார்க்கோனி கம்பெனி 1916இல் வழக்குத் தொடுத்தது. 1943 ஜூன் 21ஆந் தேதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்ச்சைக்குரிய கோரிக்கைகள் மார்க்கோனிக்கு முன்னரே ஜோன் ஸ்டோன், லொட்ஜ், டெஸ்லா ஆகியோரின் விவரணங்களிற் கூறப்பட்டிருந்தன. ஆகவே அவை செல்லா என நீதிமன்றம் முடிவுசெய்தது. ‘வானொலியைக் கண்டவர் யார்’ என்னும் பெருங்கேள்விக்கு அத்தீர்ப்பு விடையளித்ததென்று சிலர் கூறுவது பொருந்தாது. அது குறித்த சில கோரிக்கைகளைப் பற்றியதே. ஆயினும் அது வந்த காலத்தைக் கவனித்தல் வேண்டும். மார்க்கோனி 1937இலும் லொட்ஜ் 1940இலும் மறைந்துவிட்டனர். டெஸ்லா அதே ஆண்டு ஜனவரியிற் காலமானார். பரிசோதகர் முதலிற் கேட்ட அதே கேள்விக்கு நீதிமன்றத்தில் இறுதி விடை கிடைக்க, விண்ணப்பித்த நாளிலிருந்து 42 ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

பரிசோதகரின் பணி மறுப்பது மட்டுமன்று; பழையதையும் புதியதையும் பிரித்து எல்லையிடுவதும் அவர் பணியே. 1942இல் நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அன்தீலும் பெற்ற ஆக்கவுரிமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. எதிரி குழப்பாதவாறு, நீர்மூழ்கிக் குண்டைச் செலுத்தும் வானொலிச் சமிக்ஞையை அலைவரிசைக்கு அலைவரிசை தாவச் செய்வது அவர்களது முறை. அலைவரிசையை மாற்றும் எண்ணம் புதிதன்று. ஜெர்மானிய அறிஞர் சென்னெக் தம் நூலிற் குறிப்பிட்டிருந்தார். 1932இல் புரோட்ஜெஸ் என்பவர் அமெரிக்க ஆக்கவுரிமையும் பெற்றிருந்தார். தானே வாசிக்கும் பியானோவில் உள்ளதைப் போன்ற துளையிட்ட தாட்சுருள்கள் இரண்டைக்கொண்டு இரு முனைகளையும் 88 அலைவரிசைகளில் ஒருங்கே நகர்த்தும் ஏற்பாடே அவர்களுக்குரியது. இன்று கையடக்கத் தொலைபேசியையும் காதொலிக் கருவியையும் இணைக்கும் ‘புளூடூத்’ முறை, செக்கனுக்கு 1,600 தடவை வரையில் 79 தடங்களிடையே தாவுகிறது. பழைய எண்ணம் எவருடைய தனியுடைமையும் ஆகாதிருந்தமையாலேயே அதனைப் பலரும் வளர்க்க முடிந்தது.

இனி, இன்றைய நிலை யாது? ஓர் அறையிலிருக்கும் இருவர் கையடக்கத் தொலைபேசியிற் பேசினாலும், வழக்கமான முறையில் அவர்கள் குரல் தொலைவிலுள்ள கோபுரத்துக்குச் சென்றே திரும்புகிறது. கோபுரத்தின் துணையின்றி அல்லது அதன் மேற்பார்வையில் மட்டும், கருவியொன்று அருகிலுள்ள மற்றொரு கருவியோடு நேரே பேசும் முறை வகுக்கப்பட்டுள்ளது. உலகத் தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து வகுக்கும் பொது நியமங்களில் 2015ஆம் ஆண்டளவில் இம்முறை இடம்பெற்றது. அனர்த்த காலத்திற் கோபுரங்கள் செயலிழந்தாலும் மீட்புப் பணியாளர் தம்முள் தொடர்புகொள்ள வேண்டும் என்பது அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று.

இத்தகைய விண்ணப்பம் பரிசோதகரின் மேசைக்கு வரும்போது அவர் செய்வது என்ன? முதலில் கோரிக்கையைக் கூறுகளாகப் பிரிக்கிறார். இரு கருவிகள் ஒன்றையொன்று கண்டறிதல், அவற்றுக்குக் கோபுரம் அலைவரிசை ஒதுக்குதல், பிறருக்கு இடையூறின்றி ஒலிபரப்பு வலுவைக் குறைத்தல் எனக் கூறுகள் மூன்று உள்ளனவென்று கொள்வோம். இவை மூன்றும் ஒரே முன்னைய ஏட்டிற் காணப்படின் புதுமையில்லை. முதலிரண்டும் ஓர் ஏட்டிலும் மூன்றாவது வேறோர் ஏட்டிலும் இருப்பின், அத்துறையில் தேர்ச்சியுள்ள ஒருவர் அவற்றை இணைப்பது எளிதில் தோன்றக்கூடியதா என்பது அடுத்த கேள்வி. இதற்காக உலகின் ஆக்கவுரிமை ஏடுகள் யாவும் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கம்பியில்லா வலையமைப்புகளுக்கு ‘எச் 04 டபிள்யூ’ என்பது வகுப்பு. அதனுள் நேரடித் தொடர்பு அமைப்பதற்கெனத் தனிப் பிரிவும் உண்டு. பொறியியலாளர் கூட்டங்களில் முன்வைக்கப்பட்டு வெளியான பத்திரங்களையும் பரிசோதகர் தேடுகிறார். அங்கே ஒரு நாள் முந்தியதா பிந்தியதா என்பதே முடிவை மாற்றிவிடும். போசின் கட்டுரையைத் திறந்து பாராத காலம் மாறிவிட்டது. இன்று படிக்க வேண்டியவை மலைபோற் குவிந்திருப்பதே இடர்ப்பாடு.

இலங்கையில் 1906ஆம் ஆண்டு ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டத்தின் இடத்தை 1979ஆம் ஆண்டு 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை பெற்றது. இன்று நடைமுறையிலிருப்பது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டம். புதுமை, எளிதில் எட்டமுடியாத ஆக்கப் படி, தொழிற் பயன் ஆகிய மூன்றையும் அது வேண்டுகிறது. உரிமைக்காலம் 20 ஆண்டுகள். நாடுகளிடையே ஆக்கவுரிமை ஒத்துழைப்பை ஏற்படுத்திய உடன்படிக்கையில் 1982 முதல் இலங்கையும் உறுப்பு நாடாகும். ஆதலால், உலகின் பெரிய அலுவலகங்கள் செய்யும் தேடுதலின் பயன் சிறிய நாட்டுக்கும் கிட்டுகிறது.

இதனால் எளியவருக்கு என்ன நன்மை எனச் சிலர் வினவலாம். ஆர்தர் கிளார்க் 1945 ஒக்டோபரில், பூமியைச் சுற்றும் மூன்று துணைக்கோள்களால் உலகெங்கும் செய்தி பரப்பலாமென்று சஞ்சிகையொன்றில் எழுதினார்; அவர் உரிமை கோரவில்லை. பிற்காலத்தில் இலங்கையையே தம் இல்லமாக்கிக்கொண்ட அவ்வறிஞர் வெளியிட்ட பின்னர், அந்த எண்ணத்தை வேறெவரும் தமதெனக் கோர இயலாது போயிற்று. வெளியான அறிவைப் பொதுவிற் காப்பதும், மெய்யாகப் புதியதைக் கண்டவருக்கு அவருக்குரியதை அளிப்பதும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்.

மழைக்காலத்தில் மண்சரிவு அஞ்சும் மலைநாட்டில், வீதி துண்டிக்கப்பட்டு மின்சாரமும் கோபுரமும் ஓய்ந்த இரவில், ஒரு லயத்திலுள்ளவரின் கைக்கருவி அடுத்த லயத்திலுள்ளவரின் கருவியோடு நேரே பேசுமாயின் அஃது உயிர் காக்கும். அத்தகைய கருவி மலிவாகக் கிடைப்பதா, ஊரறிந்ததற்கும் உரிமைக் கட்டணஞ் செலுத்தி வாங்குவதா என்பது, தொலைவிலுள்ள அலுவலகமொன்றில் பரிசோதகர் எத்துணைப் பொறுமையோடு பழைய ஏடுகளைப் புரட்டுகிறார் என்பதையும் பொறுத்தது. தகடு கையிலில்லாத வண்டி கடுகண்ணாவை ஏற்றத்திற் புறப்படலாகாது என்பது இருப்புப்பாதையின் விதி. புதுமையென்னும் தகடு கையிலில்லாத கோரிக்கையும் அவ்வாறே நிலையத்தில் நிறுத்தப்படுதல் வேண்டும்.