பக்கெட் அகலம்

சின்ன லோடர் எதுவானாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் பாப்கேட்தான். அது பிறந்ததே இட நெருக்கடியில். 1956-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்கு, மாடிக் கொட்டகையில் எச்சம் அள்ள வண்டி தேவைப்பட்டது. தூண்களுக்கு நடுவே திரும்ப வேண்டும், மாடித் தளமும் தாங்க வேண்டும். ராத்சே ஊரில் பட்டறை வைத்திருந்த சிரில், லூயிஸ் கெல்லர் சகோதரர்கள் 1957 பிப்ரவரியில் மூன்று சக்கர லோடர் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். மெல்ரோ நிறுவனம் உரிமை பெற்று, 1960-இல் அதை நான்கு சக்கரமாக்கி, 1962-இல் பாப்கேட் என்று பெயர் வைத்தது.

அன்று குறுகலாக இருப்பதுதான் அதன் பெருமை. 1986-இல் ஜப்பானின் தகேயுச்சி, டிராக்கில் ஓடும் சின்ன லோடரைக் கொண்டுவந்தது. சேற்றில் எளிதில் புதையாது. ஆனால் டிராக் அகலமானால் வண்டியும் அகலம்தானே! குறுகிய பக்கெட்டை மாட்டினால் டிராக் வெட்டாத மண்மேல் ஏறும். வண்டி சாயும், தரை மட்டமாகாது. ஆகவே டிராக்கின் வெளி விளிம்பைத் தாண்டிச் சற்றே நீளும் பக்கெட் வேண்டும்.

அதற்குமேல் ஆசைப்படுவது எனக்கு உடன்பாடில்லை. ஈர மண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. அரை கன மீட்டர் பக்கெட் நிரம்பினால் 900 கிலோ. டிராக் வண்டியின் அனுமதிச் சுமையோ, அது கவிழும் சுமையில் 35 சதவீதம்தான். பெரிய பக்கெட்டில் கூடும் இரும்பின் எடையும் அதில்தான் கழியும். மரத்தூள் அள்ளுபவர் தாராளமாக அகலம் கூட்டிக்கொள்ளலாம். களிமண்காரர் டிராக்கை அளந்துவிட்டுக் கடைக்குப் போகட்டும்.