துடிக்கும் இருதயத்தின் உள்ளே

உயிருள்ளவரின் மார்பைத் திறந்தாலும், துடிக்கும் இருதயத்தின் உட்புறத்தைக் கண்ணால் காண இயலாது. இரத்தம் மறைக்கும். மழை பெய்த மறுநாள் கலங்கிய ஆற்றில் மீன் தெரியுமா? இறந்தவரின் இருதயத்தை அறுத்துப் பார்க்கலாம். ஆனால் அது அசையாது. வைத்தியர்களுக்கு நெடுங்காலம் இருந்த சங்கடம் இதுதான்.

1880-களில் லண்டன் டாக்டர் சிட்னி ரிங்கர், தவளையின் இருதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்து ஆராய்ந்தார். அது வெகுநேரம் துடித்தது. உதவியாளர், காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார் என்பது பிறகே தெரிந்தது! வடித்த நீரை ஊற்றியதும் துடிப்பு ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்தே இருதயத்தை இயக்கியது. இன்றும் ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் ஒருவகை நீர் ரிங்கரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

1895-இல் ஜெர்மனியில் ஆஸ்கார் லாங்கன்டார்ஃப், வெளியே எடுத்த பூனையின் இருதயத்திற்கு அதன் சொந்த இரத்தக் குழாய்கள் வழியே இரத்தம் செலுத்தித் துடிக்க வைத்தார். 1902-இல் ரஷ்யாவில் குலியாப்கோ என்பவர், நிமோனியாவால் மாண்ட ஒரு குழந்தையின் இருதயத்தை 20 மணி நேரம் கழித்துத் துடிக்கச் செய்தார்.

இறந்தவர் பிழைத்துவிட்டாரா என்று பாட்டிமார் கேட்பார்கள். இல்லை. துடிப்புக்கு வேண்டிய மின்விசை இருதயத்திலேயே பிறக்கிறது. மூளையின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை. துடித்தது உறுப்பு மட்டுமே.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பால் ஐயாசோ என்பவரின் ஆய்வுக்கூடம் இதை இன்னும் முன்னே கொண்டு சென்றது. உறுப்புதானம் செய்தவர்களின் இருதயங்களில், பிறருக்குப் பொருத்தத் தகாதவை சில உண்டு. குடும்பத்தார் சம்மதித்தால், அவை குளிர்ச்சியில் வைக்கப்பட்டு அங்கே வரும். உப்புகளும் சர்க்கரையும் பிராணவாயுவும் கலந்த தெளிந்த நீரை வெதுவெதுப்பாகச் செலுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்தால், இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கும். சில மணி நேரம் துடிக்கும்.

இரத்தம் இல்லை, நீர் தெளிவு. சிறிய காமிராவை உள்ளே நுழைத்தால், வால்வுகளின் மெல்லிய இதழ்கள் திறந்து மூடுவது அப்படியே தெரிகிறது. வால்வைத் தாங்கும் நூல் போன்ற நாண்கள் இழுபடுவதும் தெரியும். துடிப்பைச் சீராக்கும் கருவியின் கம்பி எங்கே பதிகிறது, செயற்கை வால்வு எப்படி விரிகிறது என்பதை, நோயாளியின் உடலில் வைக்கும் முன்பே டாக்டர்கள் கண்ணால் பார்த்துக் கொள்ளலாம். எந்தப் பாடப்புத்தகப் படமும் இதற்கு ஈடாகாது என்பேன்.

இப்படங்களை இணையத்தில் எவரும் காசின்றிக் காணலாம். தானம் தந்தவரின் வயதும் நோய் விவரமும் அங்கே உண்டு. பெயர் மட்டும் இராது.