மண்புழுவும் கலப்பையும்

நிலத்தைப் பண்படுத்துதற்கு மனிதன் கண்ட கருவிகளுள் கலப்பை மிகப் பழையவற்றுள் ஒன்று. எனினும், அது தோன்றுதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அத்தொழிலை மண்புழு செய்து வந்தது. இவ்வுண்மையை நிலைநாட்டியவர் சாள்ஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞராவர்.

புல்வெளியில் தூவிய சுண்ணாம்பும் சாம்பரும் சில ஆண்டுகளில் மண்ணுள் மறைதலை அவருக்குச் சுட்டிக்காட்டியவர் அவர்தம் தாய்மாமனாகிய யோசையா வெட்ஜ்வுட். மண்புழுக்கள் மண்ணை உண்டு மேலே கழிப்பதனாலேயே அவை புதைகின்றன என்று டார்வின் 1837இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்திற் கட்டுரை படித்தார். இத்துணைச் சிறிய, வலியற்ற உயிர் அத்துணைப் பெருவேலையைச் செய்யமாட்டாதென 1869இல் பிஷ் என்பார் மறுத்தார்.

விடை மண்ணிலேயே கிடந்தது. 1842 டிசெம்பரில் டார்வின் தம் வீட்டருகிலிருந்த வயலிற் சுண்ணக்கற் றுண்டுகளைப் பரப்பியிருந்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871 நவம்பரில், அங்கு அகழி வெட்டப்பட்டபோது அவை 7 அங்குல ஆழத்தில் வெண்ணிற வரிசையாகக் காணப்பட்டன. ஆண்டொன்றுக்குக் கால் அங்குலமும் இல்லை; ஆயினும், பல இடங்களில் ஏக்கரொன்றுக்கு ஆண்டுதோறும் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாக மேலே வருகின்றதென அவர் கணித்தார்.

1877இல் அபிங்கர் என்னுமிடத்து உரோமர் கட்டடச் சிதைவுகளை ஆராய்ந்து, பண்டைப் பொருள்களை மூடிக் காப்பதிலும் புழுக்களுக்குப் பங்குண்டெனக் கண்டார். இவையனைத்தையும் கூறும் நூல் 1881இல் வெளிவந்தது; மறு ஆண்டு அவர் மறைந்தார்.

கலப்பை ஒரு நாளிற் கிளறுவதைப் புழு பல்லாண்டுகளிற் கிளறுகின்றது. சிறுமை கண்டு இகழ்ந்தோர் மறந்தது காலத்தின் வலிமையையே. அதனை அளந்தறிய, 29 ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை வேண்டியிருந்தது.