தொப்புளைச் சுற்றிய பதினான்கு ஊசிகள்

வெறிநாய்க்கடி என்றதும் காவிரிக்கரைச் சிற்றூர்களில் முதியோர் முதலில் நினைப்பது நாயையன்று. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட பதினான்கு ஊசிகளையே. அந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1885 சூலை 6 அன்று பாரிசில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். அதற்குமுன் ஐரோப்பியக் கத்தோலிக்கர் புனித ஹியூபர்ட்டின் பெயரால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கடிவாயில் வைத்தனர். எனவே சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பும் நம் உழவர்களை எள்ள நமக்குத் தகுதியில்லை.

இந்தியாவில் 1900-இல் கசௌலி மலையில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தஞ்சையில் கடிபட்டவர் அவ்வளவு தொலைவு போவதெங்ஙனம்? 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்தது, தென்னகத்திற்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணத்தைத் தூண்டிற்று. (அதற்குமுன் பெயரின்றி மாண்ட ஏழைகள் எத்தனை பேரோ!) அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸின் கொடையால் 1907-இல் குன்னூர் நிலையம் திறந்தது. ஆயினும் தஞ்சை மக்கள் திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம் கடந்து மலை இரயிலேற வேண்டியிருந்தது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள், நோய் ஏற்றிய விலங்கின் மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் பதப்படுத்தி மருந்தாக்கினார். பிற்காலத்தில் அது ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. புட்டியில் அடைத்து ஊர்தோறும் அனுப்பலாம் என்பதால் ஏழையின் மலைப்பயணம் நின்றது. ஆனால் மருந்தின் அளவு மிகுதி. வயிற்றில் நாள்தோறும் போட வேண்டும். சிலருக்குப் பக்கவாதமும் கண்டது. 2004 இறுதியில்தான் இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது.

அது நின்று பல ஆண்டுகளுக்குப்பின், ஓர் இளைஞருக்கு நோயில்பூசுதல் வழங்கச் சென்றோம். நற்கருணை கொடுக்க இயலவில்லை. தண்ணீர்க் குவளையைக் கண்டதுமே தொண்டை இழுத்துக்கொண்டது. "அந்தப் பதினாலு ஊசியை என் பிள்ளை தாங்குவானா என்றுதான் போகவில்லை, சாமி" என்றார் தாயார். அந்த ஊசி இப்போது இல்லை என்பதை அவ்வீட்டிற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பங்கில் இத்தனை ஆண்டு மறையுரையாற்றிய நாமும் சொல்லவில்லை.

இன்றைய மருந்து செல் வளர்ப்பில் உருவாவது, கையில் போடப்படுவது, அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்தவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றே செல்ல வேண்டும். குருதி வந்த காயமாயின் இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே செலுத்துவர். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறையில், முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28-ஆம் நாள்களில் மறுபடி வரச் சொல்வர். நடவு, அறுவடை என்று 28-ஆம் நாளை மறப்போரே நம் பக்கம் மிகுதி.