இலவச மடிக்கணினியும் டெஸ்க்டாப் தோற்றமும்

டெஸ்க்டாப் தோற்ற மாற்றம் என்பது கணினித் திரையின் வால்பேப்பர், சாளர நிறம், எழுத்துரு, ஐகான், ஒலி முதலியவற்றைப் பயனர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வது. இவற்றில் பலவற்றை ஒரே சொடுக்கில் மாற்றும் தொகுப்பு 'தீம்' எனப்படும். 1995-இல் விண்டோஸ் 95-க்காக மைக்ரோசாஃப்ட் தனியே விற்ற 'பிளஸ்!' தொகுப்பு தீம்களைப் பரவலாக்கியது.

தமிழ்நாட்டில் இந்த வசதி கிராமத்து மாணவர்களின் கைக்கு வந்தது விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் பயன்பெற்றனர். விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையிலுள்ள முண்டியம்பாக்கம் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினியே அதுதான். எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அந்தக் கணினிகளில் தொடக்கத்தில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். தோற்ற மாற்றத்தில் இரண்டும் நேர் எதிர்.

ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பரை மாற்ற முடியாது. சாளர நிறம், ஒலித் தொகுப்பு ஆகியவற்றுக்கும் இதே கதிதான். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஏரோ தோற்றமும் கிடையாது. உயர் பதிப்புகளில் டெஸ்க்டாப்பை வலச்சொடுக்கினால் வரும் 'பெர்சனலைஸ்' என்ற வரியே இதில் இல்லை. படம் மாற்றும் திறன் இயந்திரத்துக்கு இல்லாமல் போகவில்லை. விலை கூடிய பதிப்பை வாங்கவைக்கும் வணிகக் கணக்கு அது. பூட்டு போட்டால் சாவி தேடத்தானே செய்வார்கள்? ஸ்டார்ட்டரில் வால்பேப்பரை மாற்றித் தரும் ஓஷியானிஸ் என்ற சிறு இலவச மென்பொருள் உலகெங்கும் ஸ்டார்ட்டர் பயனர்களிடையே பரவியது அப்படித்தான். விண்டோஸ் 10-இலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. உரிமம் செயல்படுத்தாத கணினியில் தோற்ற அமைப்புகள் மங்கிக் கிடக்கும். ஆனால் படக்கோப்பை வலச்சொடுக்கிப் பின்னணியாக வைத்தால் ஏற்றுக்கொள்ளும்.

பூட்டுக்கு அரசியல் முகமும் உண்டு. உத்தரப் பிரதேச அரசு 2013-இல் வழங்கிய மடிக்கணினிகளில் ஆளுங்கட்சித் தலைவர்களான முலாயம் சிங், அகிலேஷ் யாதவ் படங்களே வால்பேப்பராக இருந்தன. அவற்றை நீக்க முயன்றால் கணினி பழுதாகிறது என்று அப்போது செய்திகள் வந்தன.

தமிழ்நாட்டு மடிக்கணினியிலேயே பாஸ் லினக்ஸைத் திறந்தால் எதற்கும் தடையில்லை. அதன் தொடக்கப் பதிப்புகளில் இருந்த க்னோம் 2 டெஸ்க்டாப்பில், பதிவிறக்கிய தீம் பொதியைத் தோற்ற அமைப்புச் சாளரத்தின்மேல் இழுத்துப் போட்டாலே நிறுவிக்கொள்ளும். ஒரு கோப்புறைக்கு மட்டும் தனி ஐகான் வேண்டுமென்றால், அதன் பண்புகள் பெட்டியிலுள்ள படத்தைச் சொடுக்கி வேறொன்றைக் காட்டினால் போதும்.

லினக்ஸ் ஐகான் தீம் செயல்படும் விதம் எளியது. மென்பொருள் படத்தைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்கும். 'கோப்புறை' என்று கேட்டால், நடப்புத் தீமின் அடைவில் 16, 24, 48 என அளவுவாரியாகப் பிரித்துவைத்த படங்களில் பொருத்தமானதை இயங்குதளம் தேடித் தரும். அங்கே இல்லையென்றால், தீமின் குறிப்புக் கோப்பு 'பெற்றோர்' எனச் சுட்டும் தீமில் தேடும். கடைசிப் புகலிடம் 'ஹைகலர்' என்ற பொதுத் தொகுப்பு. அரைகுறையாகச் செய்த தீமை நிறுவினால் பாதி ஐகான் புதிதாகவும் பாதி பழையதாகவும் பல்லிளிப்பதற்குக் காரணம் இதுவே.

தமிழ் இடைமுகத்தில் தீம் தேர்வு இன்னும் நுட்பமானது. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரைந்த தீமில், 'மாற்றுச்சான்றிதழ் விண்ணப்பம்' போன்ற கோப்புப் பெயர் ஐகானுக்குக் கீழே பாதியில் அறுபடும். கறுப்புப் பின்னணியில் சிறிய எழுத்து என்றால் புள்ளி கரைந்து, 'க்' எது 'க' எது என்று கண் தடுமாறும். நல்ல ஐகானைத் தேடும் நேரத்தில் பாதியை எழுத்துருவுக்குச் செலவிடலாம். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தோற்றத்தை விருப்பப்படி மாற்றும் சுதந்திரம் லினக்ஸிலும் பின்னர் சுருங்கியது. தங்கள் செயலிகள்மீது தீம் போட வேண்டாம் என்று க்னோம் மென்பொருளாளர்கள் பலர் 2019-இல் திறந்த மடல் எழுதினர். 2022-இல் வந்த க்னோம் 42-இன் செயலிகள் பலவும் பயன்படுத்தத் தொடங்கிய லிப்அத்வைதா நிரலகம், வெளித் தீம்களுக்கு இருந்த இடத்தைப் பெரிதும் குறைத்தது. ஐகான் தொகுப்புகளை மட்டும் இன்றும் முன்போலவே மாற்றலாம்.